இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு கை

அந்தக் காலத்தில் கடல் கிடையாது. ஆறு கிடையாது, குளம் குட்டை கிடையாது, உள்ளங்கையில் ஏந்திப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உலகத்தில் கிடையாது. ஆனால் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கல் பேசும், நெருப்பு பேசும். காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் திரிகிற அணுக்கள் இருக்கிறார்களே, அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பேசுவார்கள். வேறு வேலை என்ன இருந்தது அவர்களுக்கு?

அந்த அணுக்களில் ஹைட்ரஜன் வகையறாவுக்கு உடம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. அத்தனை பேரிலும் இளைத்தவர்கள் அவர்கள்தான். ஆளுக்கு ஒரே ஒரு மின்மினி, ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். அந்த மின்மினியைத்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரான் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒற்றை மின்மினியோடு இருப்பது அந்த வகையறாவில் யாருக்கும் ஆகாது. இருப்புக் கொள்ளாமல் அலைவார்கள். அதனால் இரண்டு பேர் சேர்ந்து கூட்டுக் குடித்தனம் போடுவது அவர்கள் வழக்கம். நீ ஒன்று வை, நான் ஒன்று வைக்கிறேன். வைத்த இரண்டும் இரண்டு பேருக்கும் சொந்தம். உன்னது என்னது என்ற பேச்சே எழாது.

பஞ்சவர்ணமும் செங்கமலமும் அப்படி வாழ்ந்த அக்காள் தங்கை. பெயரில்தான் இத்தனை நிறம். ஆளைப் பார்த்தால் நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, நடுவில் இரண்டு மின்மினிகளும் வளைய வர, காற்றில் மிதந்துகொண்டிருப்பார்கள். மின்மினிகள் அக்காள் பக்கமும் சாயாது, தங்கை பக்கமும் சாயாது. அந்த வெளிச்சத்தில் அக்காளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் செங்கமலத்துக்குப் பொழுது போவதே தெரியாது. தன் வாழ்க்கையில் ஒரு குறை உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை.

குறை இல்லாவிட்டாலும் ஒரு பயம் இருந்தது. அவர்கள் உடம்பு அத்தனை லேசு என்றேனல்லவா? லேசானவர்கள் மேலே மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். மேகம் வரவேண்டிய இடத்தையும் தாண்டி, காற்று முடிகிற இடத்தையும் தாண்டிப் போன உறவுக்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சித்தி போனாள், பெரியம்மா போனாள். அடுத்த வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தம்பதி ஒருநாள் பார்த்தால் இல்லை. அக்காளும் தங்கையும்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

யோசனையை முதலில் சொன்னவள் செங்கமலம்தான்.

"அக்கா, கீழ ஆக்சிஜன் ஆளுங்க இருக்காங்கல்லா. நல்ல கனத்த உடம்பு. அவங்ககூடச் சேந்துட்டா நாம எங்கயும் பறந்து போக மாட்டோம்."

பஞ்சவர்ணம் தங்கையின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஏட்டி, அவங்ககூடச் சேரணும்னா முதல்ல நாம ரெண்டு பேரும் கையை விடணுமே."

"ஒரு கண் இமைக்கிற நேரம்தானக்கா. ஆக்சிஜன் வீட்டுல எப்பவும் ரெண்டு பேருக்கு இடம் உண்டு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குப் போயிருவோம். அங்க போயி மறுபடி இதே மாதிரி இருந்துக்கிடலாம்."

அது உண்மைதான். ஆக்சிஜன் ஆட்களின் வெளிச்சுற்றில் ஆறு மின்மினி சுற்றும். ஆறு இருந்தால் போதாதா என்றால் போதாது. எட்டு இருந்தால்தான் மனசு அடங்கும். அதற்காக அவர்களும் அண்ணன் தம்பியாக இரண்டிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு மின்மினியைப் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். உடையப்பன், மருதப்பன் என்று அப்படி ஓர் அண்ணன் தம்பி பக்கத்திலேயே இருந்தார்கள். பேசிப் பார்த்ததில் உடையப்பனுக்குச் சம்மதம். தம்பியைப் பிரிய வேண்டியிருக்கும் என்பதை அவனும் சரியாக யோசிக்கவில்லை.

ஆனால் கையை விடுவது நினைத்தவுடன் ஆகிற காரியமா? ஹைட்ரஜன் பிடி லேசில் விடாது. பிரித்துவிட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஊரில் ஒரே தரகன் மின்னல். அவன் நின்று பேசுகிற ஆள் இல்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

"எங்க ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல சேத்துவிடணும், அண்ணாச்சி" என்றாள் செங்கமலம்.

"அது என் கையில இல்ல தாயி" என்றான் மின்னல். "கையைப் பிரிச்சு விடுறதுதான் என் தொழில். அதுக்குப் பெறகு யாரு யாரைப் பிடிக்காங்கங்கறது அந்த நேரத்துச் சங்கதி. நின்னு பாத்துக்கிட்டு இருக்க எனக்கு நேரம் ஏது? என்ன, சரிதானா?"

பஞ்சவர்ணம் தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையை ஆட்டினாள். செங்கமலம் அவன் சொன்னதைக் கேட்காமல் இல்லை, கேட்டாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்தது முதல் அக்காளின் கைக்குள்ளேயே இருந்தவளுக்குப் பிரிவு என்றால் என்ன என்று எப்படித் தெரியும்?

மின்னல் இறங்கினான். அக்காள் கொஞ்சம் தயங்கினாள். செங்கமலம் தன் கையைத் தானே உருவிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்ல யாராலும் முடியாது, ஏனென்றால் யாருக்கும் தலைகால் புரியவில்லை. வெடித்த சத்தத்தில் வானம் அதிர்ந்தது. சூடு என்றால் அப்படி ஒரு சூடு. அங்கே இருந்த அத்தனை ஹைட்ரஜன்களும் அத்தனை ஆக்சிஜன்களும் குட்டிக்கரணம் அடித்து விழுந்தார்கள். கையில் அகப்பட்டவரைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. செங்கமலமும் கையை நீட்டினாள். ஒரு கனத்த கை வந்து பற்றியது. உடையப்பன்தான். அப்பாடா என்று அவள் திரும்பி அக்காளுக்காக இன்னொரு பக்கம் பார்த்தால், அங்கே காத்தாயி என்று முன்பின் தெரியாத ஒரு ஹைட்ரஜன் பெண் ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அது எங்க அக்காவுக்கு உள்ள இடம்."

"எட்டு ஆயிட்டே, தாயி" என்றான் உடையப்பன். அவன் குரலிலும் தெம்பு இல்லை. அவன் தன் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தான். "இனி எட்ட மீறி என்னால ஒருத்தரையும் சேக்க முடியாது."

கொஞ்சம் தள்ளி மருதப்பனின் ஒரு பக்கத்தில் பஞ்சவர்ணம் இருந்தாள். அவளும் இந்தப் பக்கம் பார்த்தாள். அதற்குள் சூட்டின் வேகம் இரண்டு வீட்டையும் இரண்டு திசைக்குத் தூக்கி எறிந்துவிட்டது.

இப்படித்தான் தண்ணீர் பிறந்தது. உடையப்பன் வீடு மாதிரி, மருதப்பன் வீடு மாதிரி, ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனுமாகக் கணக்கில்லாத வீடுகள். அன்று அக்காளைப் பறிகொடுத்த தங்கை செங்கமலம் ஒருத்தி மட்டும் இல்லை. காத்தாயிக்கும் ஒரு தங்கை எங்கோ போய்விட்டாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான்.

புது வீட்டில் செங்கமலத்துக்கு இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. கூட்டுக் குடித்தனம் என்றால் சரிபாதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் வகையறாவில் வேறு மாதிரி யாரும் பார்த்ததில்லை. அவளும் ஒரு மின்மினி வைத்தாள், உடையப்பனும் ஒன்று வைத்தான், முறை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் மின்மினிகள் இரண்டும் உடையப்பன் பக்கமே போய் உட்கார்ந்துகொண்டன. அவள் பக்கம் வருவதாகப் பேர் பண்ணிவிட்டுத் திரும்பிவிடும்.

"அண்ணாச்சி, பங்குன்னா ஆளுக்குப் பாதி இல்லையா?"

"நான் பிடிச்சா வச்சிருக்கேன்? அதுகளா வருது. என் உடம்புவாகு அப்பிடி" என்றான் உடையப்பன். அவன் பொய் சொல்லவில்லை. ஆக்சிஜன் நெஞ்சுக்கு மின்மினிகளைத் தன் பக்கம் இழுக்கிற குணம் அதிகம். அவனே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. "ஆனா ஒண்ணு தாயி. நீ வச்சதை நான் எடுத்துக்கிட்டேன்னு நினைக்காத. உன்னை இந்த வீட்டை விட்டுப் போகவும் விடமாட்டேன்."

போகவும் முடியாதுதான். அந்தப் பிடி இரும்புப் பிடி. உடையப்பன் நல்லவன், காத்தாயி நல்லவள், சண்டை சச்சரவு கிடையாது. இருந்தாலும் செங்கமலத்துக்கு எதுவும் பிடிக்கவில்லை. மின்மினி விலகிப் போனதில் அவள் மேனியின் வெளிப்பக்கம் வெறிச்சென்று ஆகிவிட்டது. அக்காளின் நினைவு வரும்போதெல்லாம் அந்த வெறிச்சோடிய இடம்தான் வலித்தது. எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும் போல அது தவித்தது.

உடையப்பனிடம் இன்னும் இரண்டு ஜோடி மின்மினிகள் இருந்தன. அவை பங்கில் சேராதவை, அவனுக்கே உரியவை. அவற்றை அவன் கொல்லைப்புறத்தில் விட்டிருந்தான். அவை முட்டித் தள்ளியதில் செங்கமலமும் காத்தாயியும் நேர் எதிரெதிரே நிற்க முடியாமல் முன்பக்கமாக வளைந்து, ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டியிருந்தது. இந்தக் கொல்லைப்புற மின்மினிகள் எல்லா ஆக்சிஜன் வீட்டிலும் உண்டு. மருதப்பன் வீட்டிலும் உண்டு.

சூடு தணிந்ததும் மழை பிறந்தது. வீடுகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக இறங்கி, ஒரு மலையின் மடியில் பள்ளம் பார்த்துத் தேங்கின. உலகத்தின் முதல் குளம் அது. குளத்துக்குள் இருந்த நெரிசலுக்குத் திருவிழாக் கூட்டம் தோற்றது. இடித்துக்கொண்டும் உரசிக்கொண்டும் எல்லா வீடும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நெரிசலில் ஒருநாள் செங்கமலம் அக்காளைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா" என்று அவள் கூப்பிட்ட குரலுக்குப் பஞ்சவர்ணம் திரும்பினாள். இருவரும் ஓடி வந்தார்கள். தொட்டுவிடலாம் என்கிற தூரம் வந்ததும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருவரையும் நெட்டித் தள்ளியது. மறுபடி ஓடி வந்தார்கள், மறுபடி தள்ளியது. இரண்டு பேருக்குமே மேனி வெறிச்சென்று கிடக்கிறது, இரண்டு பேரிடமும் மின்மினி இல்லை. வெறுங்கையும் வெறுங்கையும் ஒட்டாது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் ஒரே உடம்பாக இருந்தவர்கள்.

பஞ்சவர்ணம் அழுதாள். செங்கமலத்துக்கு அழக்கூட நேரம் இல்லை, கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போனது.

பின்னொரு தடவை மருதப்பன் வீடு எதிர்ப்பட்டபோது அதன் கொல்லைப்பக்கம்தான் அவளுக்குத் தெரிந்தது. அக்காள் முன்பக்கம் இருக்கிறாள், முகம் தெரியவில்லை. செங்கமலம் ஆற்றாமையில் கையை நீட்டினாள். கொல்லைப்புற மின்மினி ஜோடி ஒன்று அவள் விரலை நோக்கிச் சாய்ந்தது. அந்த வெறிச்சோடிய இடத்தில், மின்னல் விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக, கொஞ்சம் கதகதப்பு தட்டியது. அவள் பற்றிக்கொண்டாள்.

"யாரு அது கொல்லையில?" என்றது பஞ்சவர்ணத்தின் குரல்.

"நான்தாங்க்கா."

"கமலமா? ஏட்டி, நல்லா இருக்கியா? அந்த வீட்டுல உன்னை நல்லா வச்சிருக்காங்களா?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ வந்து இடித்தார்கள், பிடி நழுவிவிட்டது. வீட்டுப் பிடி மாதிரி இரும்புப் பிடி இல்லை இது. லேசாக இடித்தால் போதும், போய்விடும். ஆனால் போனால் என்ன? மறுபடி நீட்டலாம். குளத்தில் மற்ற ஹைட்ரஜன்களும் இதைக் கண்டுகொண்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் எந்த வீட்டின் கொல்லை கண்ணில் பட்டாலும் கையை நீட்டினார்கள். இது யார் வீடு, நம்மவள் இருக்கிற வீடுதானோ என்ற நப்பாசைதான். பிடிப்பதும் நழுவுவதும் மறுபடி பிடிப்பதுமாகக் குளம் முழுவதும் ஒரே தவிப்பு. நாம் குனிந்து பார்த்தால் தண்ணீர் சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும்.

சூரியனுக்கு இது பெரிய தொல்லையாகப் போயிற்று. மற்ற காற்றுக்காரர்களெல்லாம் கொஞ்சம் வெயில் பட்டதும் கிளம்பி ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். அவர்களுக்குள் ஒட்டு உறவு அவ்வளவுதான். இந்தக் குளத்துக்காரர்களோ காய்ச்சு காய்ச்சு என்று காய்ச்சினாலும் ஒருவர் கொல்லையை ஒருவர் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றார்கள். "இத்தனூண்டு உடம்பை வச்சுக்கிட்டு எவ்வளவு அழுத்தம் பாருங்க" என்று சூரியன் அலுத்துக்கொண்டது. செங்கமலம் அதைக் காதில் வாங்கவில்லை. ஆவியாகி மேலே போனால் அக்காளை மறுபடி எந்தக் குளத்தில் தேடுவது?

அந்தச் சமயத்தில்தான் குளத்தில் மீன்கள் குடியேறியிருந்தன. அதில் ஒரு கெண்டை அடியில், கல்லிடுக்கில் முட்டையிட்டு வைத்திருந்தது. தண்ணீருக்குள் நடக்கிற இந்தப் பிரிவும் தவிப்பும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் குளிர் வரப்போகிறது என்பது மட்டும்தான்.

குளிர் கண்டிப்பான ஆள். அவன் வந்துவிட்டால் ஓட்டம் சாட்டம் எல்லாம் நின்றுவிட வேண்டும், எல்லாரும் அணிவகுத்து நிற்க வேண்டும். இடம் விடாமல் நெருக்கி அடுக்குவதுதான் அவன் பழக்கம். பாறைக் குழம்பை அப்படித்தான் அடுக்கினான், ஈயத்தை அப்படித்தான் அடுக்கினான். நெருக்கி அடுக்கினால் கனம் கூடும். கனம் கூடினால் கட்டியானது அடியில் போய் உட்காரும். குளத்தையும் அப்படி அடுக்கினால் அடியிலிருந்து மேல்வரை கட்டி கட்டியாக ஏறிக்கொண்டே வரும். அப்புறம் கெண்டைக்கும் அதன் முட்டைக்கும் இடம் எங்கே?

குளிர் வந்தான். அவன் மூச்சுப் பட்டதும் குளத்தின் நெரிசல் மெல்ல அடங்கியது. ஓடினவர்கள் நடந்தார்கள், நடந்தவர்கள் நின்றார்கள். வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி வந்தன. செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில், இதோ எட்டிவிடலாம் என்ற இடத்தில், அக்காளின் முகம் இருந்தது. பிரிந்த நாள் முதல் இத்தனை அருகில் அவர்கள் வந்ததே இல்லை. தொட முடியாது, தொடப் போனால் தள்ளும். ஆனால் கண் நிறையப் பார்க்கலாம்.

"இளைச்சுப் போயிட்டியே, ஏட்டி" என்றாள் பஞ்சவர்ணம்.

"இதுக்கு மேல இளைக்க என்னக்கா இருக்கு எங்கிட்ட?"

இருவரும் சிரித்தார்கள். குளிர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து அவர்கள் அருகில் நின்றான்.

"இப்பிடியே நில்லுங்க. இதுதான் சரியான நெருக்கம். இப்பிடியே அடுக்கிருதேன்" என்றான்.

"அப்பிடியே இருந்துருவோம் கமலம்" என்றாள் அக்காள். "முகத்தையாவது பாத்துக்கிட்டு இருக்கலாம்லா."

செங்கமலத்துக்கும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. எத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே. ஆனாலும் அந்த வெறிச்சோடிய இடம் உள்ளே தவித்துக்கொண்டே இருந்தது. அவள் குளிரிடம் கேட்டாள்: "சாமி, உங்களுக்குப் பெறகு வெயில் வருமில்லையா?"

"வராம எங்க போவான்?"

"வந்தா, சும்மா பக்கத்துல நிக்கறவங்க முதல்ல பிரிவாங்களா, பிடிச்சுக்கிட்டு நிக்கறவங்க முதல்ல பிரிவாங்களா?"

"இது என்ன கேள்வி? சும்மா நிக்கறவங்கதான். பிடிச்சு நிக்கறவங்களைப் பிரிக்க வெயில் கூட ரொம்ப நேரம் காயணும்" என்றான் குளிர்.

"அப்ப நான் கொல்லைப்பக்கம் போறேன்க்கா."

"ஏட்டி, அங்க போனா என் முகம் உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"எனக்கும் உன் முகம் தெரியாது."

"நான்தான் பிடிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்ல. அது போதும்க்கா. அன்னைக்குக் கையை உருவினது நான். இனி நான் விடமாட்டேன்."

அக்காளுக்குச் சரி என்று சொல்லவும் மனசில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை.

கொல்லைப்பக்கம் போவது சுலபமாக இல்லை. தான் ஒருத்தி திரும்பினால் உடையப்பனும் திரும்ப வேண்டும், காத்தாயியும் திரும்ப வேண்டும். உடையப்பன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்தப் பிடியின் மறுமுனையில் இருக்கப்போவது அவன் தம்பியல்லவா? வீடு மொத்தமும் மெதுவாகத் திரும்பியது. செங்கமலம் கையை முழுக்க நீட்டினாள். வளைந்த கையால் பிடித்தால் பிடி நிற்கவில்லை, நேராக, விறைப்பாக நீட்டினால்தான் நின்றது. அப்படி நீட்டும்போது மருதப்பன் வீட்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. இறுக்கமாகப் பிடிக்க வேண்டுமானால் தள்ளித்தான் நிற்க வேண்டும், வேறு வழி இல்லை. அவள் தள்ளி நின்றாள். பிடித்துக்கொண்டாள்.

முன்பக்கத்திலிருந்து பஞ்சவர்ணம் தன் கையையும் பின்னால் கொண்டுவரப் பார்த்தாள். தங்கை பிடித்தால் தானும் பிடிக்க வேண்டாமா?

"அதுக்கு இடமில்ல" என்றான் குளிர். அவன் குரலில் கண்டிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு கைதான் கொள்ளும். ரெண்டு கை வந்தா இடிக்கும்."

"அப்ப என் கை?"

"உன் கைக்கு எதிர்த்தாப்புல இருக்கிற வீட்டைப் பிடி. அங்கயும் யாரோட அக்காவோ தங்கச்சியோ இருப்பா."

பஞ்சவர்ணம் அந்த வீட்டைப் பிடித்தாள். அந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டைப் பிடித்தாள். காத்தாயி மறுபக்கம் ஒரு வீட்டைப் பிடித்தாள். உடையப்பன் வீட்டுக் கொல்லையை முகம் தெரியாத இரண்டு பெண்கள் வந்து பிடித்தார்கள். இப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு கை வெளியே போனது, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கை உள்ளே வந்தது. ஆறாறு வீடு சேர்ந்து ஒரு வளையமாக நின்றது. வளையத்தின் நடுவில் யாரும் நிற்க முடியாத வெற்று முற்றம் ஒன்று விழுந்தது. குளிர் அடுக்க நினைத்தது ஒன்று, ஆனது வேறொன்று. அவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். நெருங்கி நிற்கச் சொன்னால் தள்ளி நிற்கிற கூட்டத்தை இன்றுதான் பார்க்கிறான். ஆனாலும் அவன் அப்படியே அவர்களை உறையவிட்டான்.

முற்றம் முற்றமாக வெற்றிடம் வைத்துக் கட்டிய கூட்டத்துக்குக் கனம் எப்படி இருக்கும்? அது அடியில் போய் உட்காரவில்லை. மெல்ல எழும்பி மேலே வந்து குளத்தை மூடிக்கொண்டு மிதந்தது.

அடியில் கல்லிடுக்கில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த கெண்டை, நசுங்கிச் சாகப்போகிறோம் என்று காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. தலைக்கு மேலே மட்டும் வெளிச்சம் புகுகிற வெள்ளைக் கூரை. வெளியே ஊளையிடுகிற வாடைக்காற்று அந்தக் கூரையைத் தாண்டி உள்ளே வரவில்லை. கெண்டை தன் முட்டைகளைச் சுற்றி ஒரு சுற்று நீந்தியது.

"யாரு கட்டின கூரையோ, நல்லா இருக்கட்டும்" என்றது.

செங்கமலத்துக்கு இது கேட்கவில்லை. அவள் மீனுக்காக எதையும் செய்யவில்லை, மீன் என்று ஒன்று கீழே இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் மருதப்பன் வீட்டுக் கொல்லையைப் பிடித்தபடி, வீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எப்போதாவது வருகிற குரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கியா, கமலம்?"

"இருக்கேன்க்கா."

வெயில் வந்தது. வழக்கத்தைவிட வெகுநேரம் காய்ந்தது. கூரையின் ஓரத்தில் ஒவ்வொரு கையாக நழுவ ஆரம்பித்து, கடைசியில் நடுவிலும் நழுவியது. செங்கமலத்தின் விரலும் நழுவியது. நழுவிய உடனே வீடுகள் முன்போல நெருங்கி வந்து இடித்துக்கொண்டன, கூட்டம் அவளை ஒரு பக்கமும் அக்காளை ஒரு பக்கமும் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் போகிற போக்கில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு கொல்லையிலும் கையை நீட்டிக் கேட்டுக்கொண்டே போனாள். அடுத்த குளிருக்கு அவள் மருதப்பன் வீட்டைக் கண்டுபிடித்தாளா என்று எனக்குத் தெரியாது. கையை நீட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அன்று முதல்தான், உலகத்தில் மற்றது அநேகமாக எல்லாம் குளிர்ந்து கட்டியானால் சுருங்கி அடியில் போக, தண்ணீர் உறைந்ததும் விரிந்து மிதக்கிறது. ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வாய்வரை நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டில் காலையில் விரிசல் விட்டுக் கிடந்தால், யாரையும் திட்டவேண்டாம். உள்ளே இருக்கிறவர்கள், பிடித்த கையை விடாமல் இருப்பதற்காக, ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளி நின்றிருக்கிறார்கள்.